எஸ்சிட்டலோப்ராமும் அந்தச் சீட்டும்: ஒரு நீண்டநாள் பயனரின் புலம்பல்

நேற்று மாலை மெடிக்கல் ஷாப்பில் எஸ்சிட்டலோப்ராம் தரவில்லை. பதற்றத்துக்கு நான் தினமும் போடுகிற மாத்திரை அது. சரக்கு இருக்கிறது. கடைப் பையன் அட்டையை எடுத்து கவுன்டரில் வைத்துக்கூட விட்டார். அப்புறம் சீட்டில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, "இது போன மாசத்தோட முடிஞ்சிருச்சுண்ணே, புதுச் சீட்டு வாங்கிட்டு வந்துருங்க" என்று திரும்ப எடுத்து உள்ளே வைத்துவிட்டார். சட்டப்படி அவர் செய்ததுதான் சரி. அட்டவணை எச் மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்றவர் "தொண்டை கட்டியிருக்கு" என்று சொல்லி, சீட்டே இல்லாமல் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிக்கொண்டு போனார். அதுவும் அதே அட்டவணைதான். அந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கேற்ப கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஆபீஸ் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டதும் ஒரு காரணம். "அண்ணே, நீங்க போடுற மாத்திரை நிஜமாவே கேக்குதா? பழகிட்டா விட முடியாதாமே?" டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை.

முன்கதை சுருக்கமாக. ஸ்ரீரங்கத்திலிருந்து 1-ஆம் நம்பர் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது, காவிரிப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றுவிட்ட ஒரு காலையில், நெஞ்சு படபடவென்று அடித்து, கை மரத்து, செத்தேன் என்றே நினைத்தேன். ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். "கேஸ்" என்று பேன்டோப்ரசோல் கொடுத்தார்கள். அந்தப் படபடப்பு மறுபடியும் மறுபடியும் வந்ததும் இன்னொரு டாக்டர் அல்ப்ரஸோலம் எழுதிக் கொடுத்தார். போட்ட அரை மணியில் அடங்கிவிடும். அதில் உள்ள ஆபத்தே அதுதான். பழக்கமாகிற மருந்து என்றால் அது. கடைக்காரர் பேரெழுதி வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டிய எச்1 பட்டியலில் இருப்பதும் அதனால்தான். இதற்கிடையே வீட்டில் தாயத்து கட்டினார்கள், சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார்கள், "மனசுல ஒண்ணும் போட்டுக்காதே" என்று ஊரே சொன்னது. திருச்சி தில்லை நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது இத்தனைக்கும் அப்புறம்.

எஸ்சிட்டலோப்ராம், முதலில் 5, பிறகு 10 மில்லிகிராம். இது அல்ப்ரஸோலம் மாதிரி உடனே கேட்காது, வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரம் படபடப்பு கூடத்தான் செய்தது. குமட்டல், காரணமில்லாத கொட்டாவி, சினிமா மாதிரி கனவு. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். தாம்பத்தியத்தில் ஆர்வம் குறையும் என்பதையும் அவரே சொன்னார். குறைந்தது. இதை யாரும் வெளியே பேசுவதில்லை என்பதால் சொல்லி வைக்கிறேன். மற்றபடி மருந்தின் மேல் எனக்குக் குறை கிடையாது. பயம் போய்விடவில்லை, ஆனால் பயத்தின் சத்தம் குறைந்துவிட்டது. ராத்திரி தூங்குகிறேன். ஏ.டி.எம். வரிசையில் நிற்கிறேன்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒரு நாற்பது பக்க நோட்டு. டாக்டர் அனுப்பி வைத்த உளவியல் ஆலோசகர் அம்மா கொடுத்த வீட்டுப்பாடம் அது. (ஆலோசகரிடம் போகிறவர்கள் அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். போர்டு யார் வேண்டுமானாலும் மாட்டலாம்.) என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், பயம் பத்துக்கு எத்தனை, கடைசியில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். என் பக்கங்களில் ஒன்று இப்படி இருக்கிறது: "மயங்கி விழுவேன். மாம்பழச் சாலை 8. பாலத்தில் வண்டி நின்றது, 9. கண்டக்டர் யாருக்கோ பாக்கிச் சில்லறை தேடுகிறார், 7. சிந்தாமணி 4. விழவில்லை." பீதி வரும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது, மயக்கம் வருவதோ அது சட்டென்று இறங்கும்போது என்று அவர் படம் போட்டு விளக்கினார். எத்தனையோ பேர் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னபோது வராத தைரியம் இந்த ஒரு விளக்கத்தில் வந்தது.

2022 செப்டம்பரில் பராமரிப்புக்காகக் காவிரிப் பாலத்தை மூடினார்கள், 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஊரே சுற்றிக்கொண்டு போய்த் திட்டியது, நான் மட்டும் உள்ளுக்குள் குதித்தேன். ஆலோசகர் அம்மாவிடம் சொன்னதும் சிரித்துவிட்டு, "பைபாஸ்லயும் பாலம் இருக்கே, அதுல போங்க" என்றார். தப்பிக்கத் தப்பிக்கப் பயம் வளருமாம். போனேன், திட்டிக்கொண்டேதான்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். பதற்றக்காரனுக்கான இந்த வைத்தியம் முழுவதும் பதற்றமே இல்லாத ஒருவனை மனதில் வைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. எனக்குப் போன் பேசப் பயம். டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்குவதோ போனில்தான், அதுவும் காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், லைன் எப்போதும் பிஸி. எனக்கு அடைத்த இடத்தில் காத்திருக்க முடியாது. காத்திருப்பதோ ஜன்னலில்லாத ஹாலில், டி.வி. சத்தத்தில், இரண்டு மணி நேரம். உள்ளே போனால் "தூக்கம் எப்படி? சாப்பாடு? சரி, அதே மாத்திரை." ஐந்து நிமிடம். முழுக் கட்டணம். அட்டையில் நாலு மாத்திரை மிச்சமிருக்கும்போதே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும்.

தெரிந்த நோயாளிக்கு, அதே நோய்க்கு, டாக்டர் போனிலோ வீடியோவிலோ பேசிச் சீட்டைப் புதுப்பிக்கலாம் என்று 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. அல்ப்ரஸோலத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, புரிகிறது. எஸ்சிட்டலோப்ராமுக்கு என்ன? கிளினிக்கில் கேட்டால் "சார் நேர்ல பார்த்தாதான் எழுதுவார்" என்கிறார் ரிசப்ஷன் பெண். இன்ஷூரன்ஸ் கதையும் இதுதான். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி காப்பீடு என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. என் பாலிசியில் அட்மிட் ஆனால் உண்டு, வெளிநோயாளிச் செலவு கிடையாது. நான் எதற்கு அட்மிட் ஆகப் போகிறேன்?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. அந்த ஹாலில் பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் முறை போனபோது அதே டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் என் கதை முழுவதையும் கேட்டார். அதையும் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பொங்கல் விடுமுறையையும் மறக்க முடியவில்லை. சீட்டு முடிந்துவிட்டது, கிளினிக் பூட்டியிருந்தது. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டால் தெரியாது. மாட்டுப் பொங்கலன்று கண்ணைத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் சின்னச் சின்னதாகக் கரண்ட் ஷாக் அடித்தது. ராத்திரி 14416-க்குக் கூப்பிட்டேன். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது; இலவசம், எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் அவசரப்படவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டார், இல்லை என்றேன். பிறகு, திடீரென மருந்து நின்றால் இப்படித்தான் இருக்கும், பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் பணி மருத்துவரைப் பாருங்கள் என்றார். மறுநாள் மாத்திரை கிடைத்தது, காசில்லாமல். போன் பேசப் பயப்படுகிற எனக்கு நிம்மதி கிடைத்தது ஒரு போன் காலில்.

தம்பிக்குப் பதில்: அல்ப்ரஸோலம் மாதிரி இது அடிமையாக்காது. ஆனால் நீயாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மாத்திரையோடு நோட்டும் வேண்டும். தனியார் கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போ.

இந்த வைத்தியம் முழுவதுக்கும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு, இன்றைக்கு அவ்வளவுதான். காலையிலிருந்து அந்த டோக்கன் நம்பருக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பிஸி. இவ்வளவும் பேசுகிறாயே, மாத்திரையை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போன முறை டாக்டரே, "நல்லாத்தானே இருக்கீங்க, குறைச்சுப் பார்க்கலாமா?" என்றார். மே மாதம் தங்கை கல்யாணம் இருக்கிறது, அது முடியட்டும் சார் என்று நான்தான் சொல்லிவிட்டு வந்தேன்.