கதையின் நீதி கேட்காத வாசிப்பு வட்டம்: கிருஷ்ணகிரி அருகே ஒரு தொடக்கப் பள்ளியின் சனிக்கிழமைகள்

காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கி மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், சனிக்கிழமைதோறும் காலை 10 மணி முதல் 11.30 மணி வரை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு வாசிப்பு வட்டம் நடக்கிறது. என் மகள் அங்கே நான்காம் வகுப்புப் படித்தாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவதற்குப் பதிலாக, ஆசிரியையின் அனுமதியோடு, கடந்த ஜூன் முதல் மார்ச் வரை பெரும்பாலான வாரங்களில் தாழ்வாரத்தின் கடைசியில் அமர்ந்து நானும் கேட்டேன். பிள்ளையை இதுபோன்ற வட்டத்தில் சேர்க்கலாமா என்று தயங்கும் பெற்றோருக்கும், தங்கள் பள்ளியில் தொடங்கலாமா என்று எண்ணும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால், அந்த ஓராண்டில் கண்டதை எழுதுகிறேன்.

பள்ளியின் ஆசிரியை ஒருவரும், அதே ஊரைச் சேர்ந்த கல்லூரி மாணவியர் இருவரும், பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலோடு இதை நடத்துகிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. வட்டத்தில் 22 பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பருவத்திற்கு ஒரு நாவல் என்பது கணக்கு. முதல் அரை மணி நேரம் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அதன் பிறகு மணி அடிக்கும் வரை பேச்சுதான். இதற்கு முந்தைய ஆண்டு, நகரத்தில் பணம் கட்டி ஒரு வாசிப்புப் பயிற்சி வகுப்பில் மகளைச் சேர்த்திருந்தேன். அங்கே நிமிடத்திற்கு எத்தனை சொற்கள் படிக்கிறாள் என்று கைப்பேசியில் நேரம் பார்த்துக் குறித்தார்கள். மூன்று மாதத்தில் அவள் வேகமாகப் படிக்கத்தான் செய்தாள், ஆனால் படித்தது எதைப் பற்றி என்று கேட்டால் விழித்தாள். இந்த வட்டத்தை நான் மதிப்பிடுவதில் அந்த அனுபவத்தின் சுவடும் இருக்கும்.

பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்ற நான்கு படிநிலைகளில் வருகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் முழுதாக முடித்த புத்தகம் ஒன்று கையில் இருக்கச் செய்தவை அவை, அந்த அளவில் அவற்றின் பணி பெரிது. ஆனால் சிறு நூல் ஒரே அமர்வில் முடிந்துவிடும். நாவலோ பாதியில் நின்று, அடுத்த சனிக்கிழமை வரை பிள்ளையின் மனத்தில் கிடக்கும். இடைப்பட்ட ஆறு நாளில் அது என்ன ஆகிறது என்பதில்தான் இந்த வட்டத்தின் வேலை இருக்கிறது. சத்துணவு வரிசையில் நிற்கும்போதும் கதை மாந்தர்களைப் பற்றிப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டதாக ஆசிரியை சொன்னார்.

முதல் பருவத்திற்கு எடுத்தது, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்ட 'டோட்டோ-சான்'. டெட்சுகோ குரோயநாகி 1981இல் ஜப்பானிய மொழியில் எழுதிய, தன் பள்ளி நாட்களைப் பற்றிய நூல் அது. கண்டிப்பாகப் பார்த்தால் தன்வரலாறுதான். ஆனாலும் நாவலைப் போலவே படிக்க முடிகிறது, அத்தியாயங்கள் சிறியவை, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏற்ற அளவில் ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சியோடு முடிந்துவிடும். எனவே வட்டத்தைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான நூல் அமைந்திருக்காது என்றே எண்ணுகிறேன். சன்னலருகே நின்று தெருப் பாடகர்களைக் கூப்பிட்டதற்காக முதல் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் தோமோயி பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்கிறார். அந்த இடத்தில் ஒரு சிறுவன் கையைத் தூக்கி, "நாலு மணி நேரமா? சார் சாப்பிடவே போகலையா?" என்று கேட்டான். மாணவியரில் ஒருவர் விடை சொல்லாமல், "எந்தப் பக்கத்தில் இருக்கிறது, பார்த்துச் சொல்லு" என்றார். பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டி, பேச்சு முடிந்தபோது மதிய உணவு நேரம் வந்துவிட்டதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். இந்த 'எந்தப் பக்கம்' என்ற கேள்வி ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருந்தது. யார் என்ன சொன்னாலும் மறுப்பதில்லை, பாராட்டுவதும் குறைவு. பக்கத்தைக் காட்டச் சொல்வார்கள். இவ்வளவு எளிய ஒரு பழக்கம் பிள்ளைகளை எத்தனை கவனமாகப் படிக்கச் செய்கிறது என்பதை நேரில் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஆண்டின் மிகச் சிறந்த அமர்வு என்று நான் கருதுவது, இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட நண்பனை டோட்டோ-சான் தன் மரத்தில் ஏற்றிவிடும் அத்தியாயத்தைப் பேசிய நாள். அவள் தாயிடம் வேறு எங்கோ போவதாகப் பொய் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாள். பாடவேளையாக இருந்தால் 'பொய் சொல்லலாமா, கூடாதா' என்று கேட்டு, 'கூடாது' என்று ஒரே குரலில் வாங்கி, இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பார்கள். இங்கே யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், பொய்தான், ஆனால் அதனால் யாருக்கும் நட்டமில்லை என்றான். அம்மாவிடம் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார், அதனால் தப்பில் பாதி அம்மாவுடையது என்றாள் ஒரு சிறுமி. "அந்தப் பையன் கீழே விழுந்திருந்தா யாரு தூக்குறது? யாருக்கும் தெரியாதே!" என்று என் மகள் கேட்டாள், வீட்டில் வாய் திறக்கவே யோசிப்பவள் அவள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. அதன் பிறகு மாணவி, "பொய் சொன்னபோது டோட்டோ-சானுக்கு எப்படி இருந்தது? பக்கத்தைப் பாருங்கள்" என்றார். தாயின் முகத்தை அவள் பார்க்காமல் இருந்ததையும், தன் நாயிடம் மட்டும் உண்மையைச் சொன்னதையும் பிள்ளைகள் எடுத்துக் காட்டினார்கள். தாங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பலர் அதன் பிறகு மாற்றிக்கொண்டார்கள், சிலர் மாற்றிக்கொள்ளவில்லை. முடிவு சொல்லாமலேயே பேச்சு அடுத்த இடத்திற்குப் போனது.

அடுத்த இடம், மரம் ஏற்றும் வழி. நூலில் சிறுமி முதலில் ஓர் ஏணியைக் கொண்டுவருகிறாள், அது உதவாமல் போக மடக்கேணியைத் தேடிப் பிடிக்கிறாள். தந்தையோடு தோப்புகளில் மாங்காய் அறுவடைக்குப் போய்ப் பழகிய சிறுவன் ஒருவன் எழுந்து, ஏணியே தேவையில்லை, கவட்டையில் தாம்புக்கயிற்றைப் போட்டு இடுப்பில் கட்டி இரண்டு பேர் இழுத்தால் போதும் என்று விளக்கத் தொடங்கினான். மழைக்குப் பிறகு பட்டை வழுக்கும் என்று இன்னொருவன் குறுக்கிட்டான். எந்த மரத்தில் கிளை தாழ்வாக இருக்கும் என்று மூன்றாவது ஒருவன். ஏறத்தாழ இருபது நிமிடம் இதுவே ஓடியது, நேரம் வீணாகிறதோ என்று எனக்கே தோன்றியது. ஆனால் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிப்பதால் கூசி ஒதுங்கியிருந்த அந்தச் சிறுவன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசினான். அடுத்த வாரத்திலிருந்து புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முதலில் நின்றவனும் அவன்தான். அந்த இருபது நிமிடத்தை வெட்டாமல் விட்டதற்காகவே நடத்துபவர்களைப் பாராட்ட வேண்டும்.

தோமோயி பள்ளியின் மதிய உணவில் கடலிலிருந்து ஏதாவது, மலையிலிருந்து ஏதாவது இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லும் பகுதியும் நன்றாக நடந்தது. கடலையே பார்த்திராத இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் சந்தைக் கருவாட்டைக் கடல் பக்கமும், கேழ்வரகுக் களியையும் அவரைக்காயையும் மலைப் பக்கமும் வைத்தார்கள். உப்பு எந்தப் பக்கம் என்பதில் மட்டும் தகராறு தீரவில்லை.

எங்கள் பகுதிக்கே உரிய ஒன்றை இந்த வட்டம் சரியாகக் கையாள்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குத் தமிழ் நாவலைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் சிரமம் இல்லை, தான் நினைப்பதைத் தமிழில் சொல்லும்போதுதான் சொல் கிடைப்பதில்லை. இங்கே முதலில் வீட்டு மொழியிலேயே சொல்ல விடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளை தமிழில் எடுத்துச் சொல்லும். 'அப்படி இல்லை, நான் சொன்னது வேறு' என்று அந்தப் பிள்ளையே பிறகு தமிழில் திருத்தும்போது, தேடிய சொல் தானே வந்துவிடுகிறது.

இரண்டாம் பருவத்திற்கு, 2023ஆம் ஆண்டின் பால சாகித்ய புரஸ்கார் (சாகித்ய அகாதெமியின் சிறார் இலக்கிய விருது) பெற்ற, உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியைப் பின்னணியாகக் கொண்ட நாவல் அது. ஆதன் என்ற பெயர் கீழடிப் பானை ஓடுகளில் உண்மையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று ஆசிரியை சொன்னபோது, கதையில் வந்த பெயர் மண்ணுக்கு அடியிலும் இருக்கிறதா என்று பிள்ளைகள் வியந்தார்கள். ஆனால் கீழடி அவர்களுக்குத் தொலைவு. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டதை ஆசிரியை எடுத்துச் சொல்லி, ஒரு சனிக்கிழமை கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திற்கு அழைத்துப் போனார். அங்கிருந்த நடுகற்களின் முன்னால் நின்ற ஒரு சிறுமி, "இது எங்க ஊர் வேடியப்பன் மாதிரியே இருக்கு" என்றாள். அவள் சொன்னதில் பிழையே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நடுகற்களை வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடுகிறார்கள். அடுத்த அமர்வில், தங்கள் ஊர்க் கல்லில் இருக்கும் வீரன் யாராக இருக்கும், யாரோடு சண்டையிட்டிருப்பான் என்று பிள்ளைகளே கதை கட்டினார்கள். நாவலை விட்டு வெளியே போய்விட்டார்களே என்று யாராவது குறை சொன்னால் நான் ஒப்ப மாட்டேன், ஏனெனில் நாவலைப் படிக்காமல் அந்தக் கல்லை அவர்கள் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாம் பருவத்து நூல், யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைக் குழந்தைகளுக்குப் புரியும்படி பேசும் இந்த நாவல் 2020ஆம் ஆண்டின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. தொடங்கும் முன்பே பெற்றோர் கூட்டம் நடத்தியது பொறுப்பான செயல். ஒன்பது தாய்மார்கள் வந்தோம், தந்தையர் இரண்டே பேர். ஆனால் ஆண்டுத் தேர்வு நெருங்கியதால் நான்கே வாரங்களில் நூலை முடித்துவிட்டார்கள். மற்ற எந்த நாவலைவிடவும் இதற்குத்தான் காலம் தேவைப்பட்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்ட பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. அடுத்த ஆண்டு இந்த நூலை இரண்டாம் பருவத்துக்கு முன்னுக்குக் கொண்டுவருவது நல்லது.

புத்தகப் படிகள் போதவில்லை. 22 பேருக்கு ஆறு படிகள் என்றால், ஒரு பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நாள்கூடப் புத்தகம் கையில் தங்காது. பெற்றோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் தங்கள் முறை வந்தும் தவறவிட்டார்கள், ஏனென்றால் அடுத்தவர் வீட்டுக்குப் போய் வாங்கிவர ஆளில்லை. உரக்கப் படிப்பதைக் கேட்டே அவர்கள் பேச்சில் கலந்துகொண்டார்கள் என்பது உண்மைதான். எனினும் 'எந்தப் பக்கம்' என்று கேட்கும் வட்டத்தில் பக்கமே கையில் இல்லாத பிள்ளை பின்தங்கித்தான் போகும்.

எனக்கு மிகவும் உறுத்தியது வாசிப்பு அட்டை. ஒவ்வொரு வாரமும் வீட்டில் நிரப்பிக் கொண்டுவர ஓர் அட்டை தருகிறார்கள். அதில் பிடித்த இடம், புரியாத சொல், கேட்க விரும்பும் கேள்வி என்ற மூன்றும் பயனுள்ளவை. நான்காவது, 'இந்தப் பகுதியிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன?' என்பது. சனிக்கிழமைப் பேச்சில் கவனமாகத் தவிர்த்த நீதிக் கேள்வியை அட்டையின் கடைசி வரி மீண்டும் கொண்டுவந்துவிடுகிறது. மரம் ஏறும் அத்தியாயத்திற்கு வந்த அட்டைகளை ஆசிரியை எனக்குக் காட்டினார். அமர்வில் அத்தனை வேறுபட்டுப் பேசிய பிள்ளைகளில் 17 பேர், ஒரே கையெழுத்தில் எழுதியதைப் போல, 'பொய் சொல்லக் கூடாது' என்று எழுதியிருந்தார்கள். தன் கேள்வியால் வட்டத்தையே நிறுத்தி யோசிக்க வைத்த என் மகளும் அதையே எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அதுக்கு அதுதாம்மா பதில்" என்றாள். அந்த வரியை நீக்கிவிடும்படி ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். மேலதிகாரிகள் வந்து பார்க்கும்போது கற்றல் விளைவைக் காட்ட ஏதாவது வேண்டும் என்பது அவருடைய நிலை. அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. காட்டுவதற்கு மூன்றாவது வரியே போதும் என்றேன். பிள்ளைகள் எழுதிய கேள்விகளைவிட நல்ல சான்று வேறு கிடைக்காது. ஜூன் மாத அட்டையில் மூன்று வரிகள் மட்டும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும், இடமிருந்தால், சேர்த்துக்கொள்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை என்பதற்காக யாரும் தயங்க வேண்டாம். சேர்க்கும் பெற்றோர் ஆளுக்கு ஒரு படி வாங்கித் தந்தால் படிகளின் குறை பாதியாவது தீரும். புதிதாக வரும் நான்காம் வகுப்புக்காக நான் 'டோட்டோ-சான்' இரண்டு படிகள் வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மரம் ஏறும் அத்தியாயத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று மகள் கொல்லைப்புறம் போயிருக்கிறாள்.