கரையில் ஒரு பகல்: கப்பல் திருமலையில் நின்றால் சிகிரியாவா, புறாத்தீவா, கோணேசர் மலையா?

இலங்கையின் திருகோணமலைக்கு, சுருக்கமாகத் திருமலைக்கு, கப்பலில் வரும் குடும்பங்களில் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "திருகோணமலையில தீம் பார்க் இருக்கா?" என்பதுதான். இல்லை. நாட்டின் தீம் பார்க்குகளான ஹங்வெல்ல லெஷர் வேர்ல்டும் பண்டாரகமை பேர்ள் பேயும் கொழும்புப் பக்கம். நாட்டின் மறுகரையில் இருக்கும் அவற்றுக்குப் போய்வர ஒரு பகல் போதாது. அந்தப் பேச்சை அத்தோடு விடலாம்.

ஆனால் தீம் பார்க்குக்குப் போடும் கணக்கு இங்கேயும் உதவும். பார்க்கில் மூன்று மணி நேரம் இருப்பவரும் பத்து மணி நேரம் இருப்பவரும் வாசலில் கொடுப்பது ஒரே காசு. சிங்கப்பூர் ஹார்பர்ஃப்ரண்டில் கப்பல் கட்டினால் சென்டோசா எதிரிலேயே இருக்கிறது. யூனிவர்சல் ஸ்டூடியோவில் இரண்டு விளையாட்டு தவறினாலும் பகலின் பெரும்பங்கு கையில் மிஞ்சும். அதே பார்க் இரண்டரை மணி நேரத் தூரத்தில் இருந்தால் டிக்கெட் காசு தண்டம். ஆகவே துறைமுகத்தில் இறங்குமுன் கேட்க வேண்டியது, எந்த இடம் அழகு என்பதல்ல. எந்த இடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் கொடுத்த காசும் நேரமும் வீணாகாது என்பதுதான். திருமலையில் இறங்கும் கப்பல் பயணிகளுக்கு முன்னால் இருக்கும் மூன்று வழிகளையும் அந்தத் தராசிலேயே நிறுக்கலாம்.

முதலில் மணிக்கூடு

பயண அட்டையில் "காலை 8 - மாலை 5" என்று இருந்தால் ஒன்பது மணி நேரம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கப்பல் கட்டி, குடிவரவு, சுங்கம் முடித்து, இறங்கலாம் என்று அறிவிக்க ஒரு மணி நேரம் ஓடிவிடும். நிறுவனத்தின் சுற்றுலாவுக்குப் பதிந்தவர்களை முதலில் இறக்குவார்கள், தனியாகப் போகிறவர்கள் பின்னால்தான். இறங்குதுறையில் கட்டாமல் உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டால் சிறு படகுக்குக் கியூ, அதில் இன்னும் அரை மணி. துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், வாசல் வரை பஸ்தான். ஆக, வெளி வாசலில் கால் வைக்கும்போது ஒன்பதேகால். மாலை ஐந்துக்குக் கிளம்பும் கப்பலில் நாலரைக்குள் எல்லாரும் ஏறியாக வேண்டும். பாதுகாப்புச் சோதனையையும் சேர்த்தால் மூன்றே முக்காலுக்கு வாசலில் நிற்பதுதான் புத்தி. கையில் மிஞ்சுவது ஆறரை மணி நேரம்.

கைபேசி நேரத்தை மட்டும் நம்பி மோசம் போகிறவர்களும் உண்டு. சென்னையில் இருந்து வருகிறவர்களுக்குக் கவலையில்லை, இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றே. புக்கெட்டில் இருந்து வரும் கப்பல் தன் மணிக்கூட்டை மாற்றாமல் வைத்திருந்தால், உங்கள் கைபேசி மூன்று மணி காட்டும்போது கப்பலில் நாலரை. இறங்கும்போது கப்பலின் மணிக்கூட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிரியா: காசும் தூரமும் முழுசு

திருமலைக் கப்பல் பயணிகளுக்குச் சிகிரியாதான் தீம் பார்க். காசியப்ப மன்னன் 5ஆம் நூற்றாண்டில் எழுப்பிய குன்றரண்மனை, 1982இல் இருந்து உலக மரபுச் சின்னம், சமவெளியில் இருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயரம். பார்க்கத் தகுந்த இடம்தான், அதில் இரண்டு பேச்சில்லை. சிக்கல் வழியில் இருக்கிறது. கந்தளாய், ஹபரணை, இனாமலுவை என்று ஏறத்தாழ 100 கிலோமீற்றர். வான் வண்டியில் இரண்டேகால் மணி நேரம், பஸ்ஸில் இரண்டரைக்கு மேல். ஹபரணையை அண்டிய காட்டுப் பகுதியில் யானை ரோட்டில் நின்றால் ஓட்டுநர் ஹோர்ன் அடிக்கமாட்டார், அது போகும் வரை நிறுத்தி வைப்பார். அதுதான் சரியும்கூட.

போகவர ஐந்து மணி நேரம் போட்டால், ஆறரையில் மிஞ்சுவது ஒன்றரை. குன்றுக்கு ஏறத்தாழ 1,200 படி. டிக்கெட் எடுத்து, நீர்த் தோட்டம் கடந்து, சுழல் படியில் ஓவியங்களுக்கு ஏறி, கண்ணாடிச் சுவர் வழியாகச் சிங்கப் பாதம் என்னும் மேல் வாசலுக்கு வரவே கால் நல்ல ஆட்களுக்கு முக்கால் மணி நேரம் தேவை. அங்கிருந்து மேலே குறுகலான இரும்புப் படி. முன்னால் ஒரு பாட்டி மூச்சு வாங்க நின்றால் பின்னால் அறுபது பேர் நிற்க வேண்டியதுதான். ஏறி இறங்க இரண்டு மணி நேரம் என்பது கியூ இல்லாத நாளின் கணக்கு. அதுவும் நீங்கள் ஏறுவது பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில். உச்சியில் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை, இரும்புக் கைப்பிடி சுடும். சிங்கப் பாதத்துக்கு மேலே பாறையில் குளவிக் கூடுகள் தொங்குகின்றன. குளவி கலைந்தால் பாதையை மூடிவிடுவார்கள், அன்றைக்கு வந்தவர் வந்த வழியே திரும்ப வேண்டும்.

வெளிநாட்டவருக்கு டிக்கெட் விலை அதிகம், டாலரில் கணக்கு. சார்க் (தெற்காசிய) நாட்டுக் கடவுச்சீட்டுக்குப் பெரிய விலைக்கழிவு உண்டு, ஆனால் காட்டினால்தான். பல கப்பல்களில் கடவுச்சீட்டை வரவேற்பு மேசையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சென்னைப் பயணிகள் முதல்நாள் இரவே அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது, மூலம் கிடைக்காவிட்டால் நகலாவது கையில் இருக்கட்டும்.

கப்பல் நிற்பது பத்து மணி நேரத்துக்குக் குறைந்தால் சிகிரியா வேண்டாம். பத்தோ அதற்கு மேலோ என்றால் போகலாம், ஆனால் கப்பல் நிறுவனத்தின் பஸ்ஸிலேயே போங்கள். விலை கூடத்தான், நாற்பது பேரோடு இழுபடவும் வேண்டும். ஆனால் அந்த பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தனி வான் வண்டியில் போய் கந்தளாயில் டயர் வெடித்தால் கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த துறைமுகம் காங்கேசன்துறை என்றால் பிழைத்தீர்கள், இரவோடிரவாக ரோட்டால் போய்ப் பிடிக்கலாம். அடுத்தது சென்னை என்றால் பலாலிக்கோ கட்டுநாயக்கவுக்கோ போய் விமானம் ஏற வேண்டும், செலவு உங்களுடையது.

புறாத்தீவு: மாதத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது

நிலாவெளி, திருமலை நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர். அங்கிருந்து கடலில் ஒரு கிலோமீற்றர் போனால் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவானது. பெரிய தீவும் சின்னத் தீவுமாக இரண்டு, மணி நேரங்களைச் செலவழிப்பது பெரியதில். மரமும் பாறையும் நொறுங்கிய பவளத் துண்டும்தான் கரை. முக்குளிக்கும் முகக் கண்ணாடி போட்டுத் தலையை நீருக்குள் விட்டால் இடுப்பளவு ஆழத்திலேயே கிளிமீன்களும் பவளமும். கருநுனிச் சுறாக்கள் ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் நீளத்தில் சுற்றும். துரத்தாமல் இருந்தால் அவை தம் பாட்டில் போய்விடும்.

நேரம் நன்றாகப் பொருந்துகிறது. ஒன்பதேகாலுக்கு வாசல், பத்தேகாலுக்குள் நிலாவெளியில் வனவிலங்குத் திணைக்களத்தின் டிக்கெட் கவுன்டர், படகில் கால் மணி, தீவில் இரண்டு மணி நேரம். ஒரு மணிக்குக் கரைக்கு வந்து நல்ல தண்ணீரில் குளித்துச் சாப்பிட்டாலும் மூன்றுக்குள் துறைமுகம். சலித்தால் ஒரு மணி நேரத்திலேயே படகுக்காரருக்குக் கை காட்டலாம். பாதியில் விட்டாலும் பாதி மீன் பார்த்த கணக்கு.

சிக்கல் காலத்தில். உலகம் சுற்றும் பெரிய கப்பல்கள் இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில். அதில் முன்பாதி திருமலையில் வாடைக்காற்றுக் காலம். கடல் கொந்தளிக்கும், நீர் கலங்கும், படகு விடமாட்டார்கள். விட்டாலும் கண்ணாடிக்குள் தெரிவது சாம்பல் நிறம்தான். புறாத்தீவின் நல்ல பருவம் ஏப்ரல் கடைசியில் இருந்து செப்டம்பர் வரை. 2023 ஜூனில் சென்னையில் இருந்து வந்த எம்பிரஸ் கப்பல் அந்தப் பருவத்தில்தான் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றியது. டிசம்பரில் கப்பலேறுகிறவர்கள் இந்தப் பகுதியை அப்படியே தாண்டிப் படிக்கலாம்.

விலையில் ஒரு சூட்சுமம். நுழைவுக் காசு ஆளுக்கு, சேவைக் கட்டணம் குழுவுக்கு, படகுக் கூலி படகுக்கு, இவற்றோடு வரி. இரண்டு பேராகப் போனால் ஆளுக்கு விழும் தொகை கேட்டதும் முகம் சுருங்கும். கப்பலிலேயே ஆறு பேர் சேர்ந்துகொண்டால் படகும் சேவைக் கட்டணமும் ஆறாகப் பிரியும்.

முகக் கண்ணாடியை வாடகைக்கு எடுக்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுக்கு அளவு. மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் தண்ணீர் கசியும், கொஞ்சம் வாசலின் பூசினால் குறையும். உள்ளே ஆவி படிந்தால் எச்சில் தடவிக் கழுவுவதுதான் வைத்தியம். வெறுங்காலோடு இறங்க வேண்டாம், நொறுங்கிய பவளம் கிழித்த புண் சீக்கிரம் ஆறாது. பவளத்தின் மேல் ஏறி நிற்பது அதைக் கொல்வது, தெரிந்தும் நிற்கிறார்கள். முதுகுக்குக் கிரீமை விட நீளக்கை டி-ஷர்ட் மேல், குப்புறக் கிடந்தே இரண்டு மணி நேரம் போகும். எல்லாவற்றையும் விடக் கவனம் வேண்டியது பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட். பெரியவர் அளவுச் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால் நீரில் அது மேலே கிளம்பி வாயை மூடும். தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதைத் தாண்டி ஏறினால் அது உதவாது, வேறு கேளுங்கள். இல்லை என்றால் பிள்ளையைக் கரையோடு விளையாட விடுவதுதான் சரி.

கோணேசர் மலையும் கன்னியாவும்

தூரம் குறைவு, செலவு குறைவு, எந்த மாதத்துக்கும் பொருந்தும். ஆனால் வரிசை முக்கியம்: மலை மேல் இருக்கும் கோணேசர் கோவில் முதலில். உச்சிக்காலப் பூசை முடிந்ததும் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்விட்டுப் பன்னிரண்டரைக்கு மலையேறுகிறவர் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டும். வெள்ளிக்கிழமையும் போயா (பௌர்ணமி) நாளும் கூட்டம் அதிகம்.

கோவிலுக்குப் போகும் வழியில் வரும் கோட்டையின் வாசலிலேயே கொஞ்சம் நில்லுங்கள். கல்லில் இரட்டை மீன் செதுக்கலும் தமிழ் எழுத்துகளும் இருக்கும். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்ற கல்வெட்டு அது. போர்த்துக்கேயர் கோவிலை இடித்த ஆண்டு 1622. பிரித்தெடுத்த கல் கோட்டைக்குப் போன கதையை அந்த வாசலே சொல்கிறது. அவசரமாக ஓட்டோவில் போகிறவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். உள்ளே இராணுவ முகாம் என்பதால் படம் எடுக்கும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் புள்ளிமான்கள் கைப்பையை மோந்து வரும். பழம் கொடுத்தாலும் பொலித்தீன் பையைக் கொடுத்துவிடாதீர்கள், அதையும் தின்னும்.

சம்பந்தர் பாடிய தலம். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டி வரும், அரைக்காற்சட்டையோடு வந்தவர் ஒரு வேட்டியைக் கையில் வைத்திருப்பது நல்லது. செருப்பைக் கழற்றிய பின் நடக்கும் தரை பதினொரு மணிக்கு மேல் கொதிக்கும், பிள்ளைகளுக்குக் காலுறை போட்டுவிடலாம். கோவிலுக்குப் பின்னால் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு. மரக்கிளையில் சின்னச் சின்ன மரத் தொட்டில்கள், கீழே செங்குத்தாகக் கடல். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் முக்குளிப்பாளர் மைக் வில்சனும் பழைய கோவிலின் சிதைவுகளைக் கண்டது இந்த நீருக்குள்தான்.

அங்கிருந்து கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நகரில் இருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர். ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் மாறும். இறங்கிக் குளிக்கும் குளம் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள், வாளியால் மொண்டு ஊற்றுவதுதான். மத்தியான வெயிலில் வெந்நீரா என்று தோன்றினால் காலை நனைத்துவிட்டுக் கிளம்புங்கள். மொத்தமாக முக்கால் மணி நேரம் போதும்.

ஓட்டோ பேசும்போது இடத்துக்கு இடம் விலை கேட்காதீர்கள். "அண்ணா, கோயில், கன்னியா, பிறகு சாப்பாட்டுக் கடை. மூண்டு மணிக்குத் திரும்ப கேட்டில விடோணும், வெயிட்டிங்கோட எவ்வளவு?" என்று ஒரே தொகையாகப் பேசி, முழுக் காசையும் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். இலங்கை ரூபாயாக மாற்றி வைத்திருந்தால் பேரம் சுலபம், டாலராகக் கொடுத்தால் மாற்று விகிதம் ஓட்டுநர் சொல்வதுதான்.

திமிங்கிலம் பார்க்கப் போகலாமா என்றும் கேட்பார்கள். திருமலைக் கடலில் நீலத் திமிங்கிலம் உண்டு, ஆனால் படகுகள் விடிய ஆறு மணிவாக்கில் புறப்பட்டுவிடும். எட்டு மணிக்குக் கட்டும் கப்பலில் இருப்பவர்களுக்கு அது இல்லை.

எதை எடுப்பது? நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோ ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோ கூட இருந்தால் கோவிலும் கன்னியாவும்தான். மே முதல் செப்டம்பர் வரை, நீச்சல் தெரிந்த பிள்ளைகளோடு வந்தால் யோசிக்காமல் புறாத்தீவு. கோவிலையும் புறாத்தீவையும் ஒரே பகலில் செருக நினைக்கிறவர்கள் தீவை முதலில் வைத்தால் நடை சாத்தியிருக்கும், கோவிலை முதலில் வைத்தால் தீவில் ஒரு மணி நேரம் மட்டுமே. இரண்டும் வேண்டுமென்றால் கோவிலுக்கு ஒன்பதரைக்குப் போய் பத்தரைக்கு இறங்கிவிட வேண்டும், பூசைக்கு நிற்க முடியாது.

எதைப் பார்த்தாலும் மத்தியானச் சாப்பாட்டைக் கப்பலுக்கு வைக்காதீர்கள். நகரத்துக் கடையில் சோறும் நண்டுக் கறியும் சொதியும் சாப்பிட்டு, கடைசியில் மண்சட்டி எருமைத் தயிரைக் கித்துள் பாணியோடு (கூந்தற்பனைப் பாகோடு) கேளுங்கள். சட்டியை மட்டும் கப்பலுக்குக் கொண்டுபோகப் பார்க்க வேண்டாம், கரையில் வாங்கிய திறந்த உணவைச் சோதனை மேசையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.