மொறிஸ் மைனர் 1098: பொனற்றுக்குக் கீழே இருப்பதைப் பற்றி

ஓட்டுவதற்காகவே ஒரு பழைய கார் தேடுகிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் மாறுவதில்லை. மொறிஸ் மைனர் 1000 வாங்குங்கள், அதிலும் 1098 சிசி எஞ்சின் உள்ளதை. அப்பா வாங்கிய அப்படியொரு கார்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கார். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும், திருவிழாக் காலத்தில் நல்லூருக்கும் அதில்தான் போய் வருகிறோம். காரின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எஞ்சினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வந்தபோது அதில் இருந்தது 918 சிசி பக்கவால்வு எஞ்சின். மொறிசும் ஒஸ்ரினும் ஒரே கொம்பனியான பிறகு, 1952இல் ஒஸ்ரினின் ஏ சீரிஸ் எஞ்சின் 803 சிசியில் ஏறியது. 1956இல் அது 948 ஆனது, 1962இல் 1098. பழைய மினிக் காரில் இருப்பதும் இதே குடும்பம்தான்.

1098இன் சிலிண்டர் விட்டம் 64.6 மிமீ, பிஸ்ரன் ஓட்டம் 83.7 மிமீ. இந்த நீண்ட ஓட்டம்தான் அதன் குணம் முழுவதையும் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 5100 சுற்றில் 48 குதிரைவலு என்பது காகிதத்தில் சின்ன எண். ஆனால் இழுவிசையின் உச்சம் 2500 சுற்றிலேயே வந்துவிடும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, குடும்பம் கதைத்துக்கொண்டிருக்க, நாலாம் கியரிலேயே ஒழுங்கைத் திருப்பத்திலிருந்து மெல்ல இழுத்தெடுக்கலாம். 37 குதிரைவலு உள்ள 948 இன்னும் மிருதுவாகச் சுழலும், அதை விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1098இல் கிராங்கை, அதாவது பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டை, தாங்குவது மூன்று பேரிங் மட்டுமே, அதுவும் மெல்லிய கிராங்க். ஏ9 வீதியில் 80 கிமீ வேகத்தில் நாள் முழுக்க ஓடும். அதற்கு மேல் விரட்டிக்கொண்டே போனால் கிராங்க் முறியும். வேகம் வேண்டுமென்றால் வேறு கார் பாருங்கள்.

இந்த எஞ்சினின் உறுதிக்கு எங்கள் ஊரே சாட்சி. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் மறைந்தபோது, யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின்களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இடிக்கும், புகைக்கும், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக்கைக் கழற்றித் துடைப்பது அன்றாட வேலை. அப்படியும் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. நவீன எஞ்சின் எதுவும் அந்தப் பாட்டைத் தாங்கியிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

பராமரிப்பில் முதல் இடம் வால்வு இடைவெளிக்கு. எஞ்சின் ஆறியிருக்கும்போது 12 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.30 மிமீ. எட்டு வால்வு என்பதால், சோடி இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது என்று நினைவில் வைத்தால் போதும். 1ஆம் வால்வைச் சரிபார்க்க 8ஆவது முழுதாகத் திறந்திருக்க வேண்டும், 3க்கு 6, இப்படி. பிளக்குகளைக் கழற்றிவிட்டு முன்னாலிருந்து ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் இலேசாகச் சுழலும். எங்கள் மெக்கானிக் அண்ணை ஒருமுறை சொன்னார்: "கொஞ்சம் டிக் டிக் எண்டு கேட்டாப் பரவாயில்லைத் தம்பி, ஒண்டுமே கேக்காட்டித்தான் பயப்பிட வேணும்." இடைவெளி இல்லாத வால்வு சரியாக மூடாது, மூடாத வால்வு எரியும்.

ஈயம் கலக்காத பெற்றோலுக்கு நாடு மாறிய பிறகு இதன் முக்கியம் கூடிவிட்டது. பழைய பெற்றோலின் ஈயம் புகைபோக்கி வால்வின் இருக்கைக்கு மசகு போல இருந்தது. அது இல்லாதபோது, சூட்டில் வால்வு இருக்கைக்குள் மெல்ல மெல்லப் புதைகிறது. புதையப் புதைய இடைவெளி குறையும். ஒவ்வொரு முறையும் ஒரே வால்வு இறுகியிருந்தால், வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கடின உருக்கு இருக்கை போடுவிக்கிற காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை செய்தால் அந்தக் கவலை தீர்ந்தது.

பெற்றோலைக் காற்றோடு கலக்கும் எஸ்யூ காபரேற்றர் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒரு பிஸ்ரன், ஒரு ஊசி, ஒரு ஜெற், அவ்வளவுதான். மேல் மூடியைத் திருகி உள்ளே மெல்லிய ஒயில் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றினால் அக்சிலேற்றரை மிதிக்கும்போது எஞ்சின் திக்கும். அதை அறியாத கராச்சுகள் முழுக் காபரேற்றரையே மாற்றச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். கலவையைச் சோதிக்க, சூடான எஞ்சின் ஓடும்போது பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தூக்குங்கள். வேகம் ஒரு கணம் கூடித் தணிந்தால் சரி. கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம், எஞ்சின் நின்றுபோனால் குறைவு. ஜெற்றின் கீழுள்ள ஆறுமுக நட்டை ஒவ்வொரு முகமாகத் திருப்புங்கள். மேலே ஏறினால் பெற்றோல் குறையும், இறங்கினால் கூடும்.

மின்சாரப் பக்கத்தில், தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பொயின்ற்றின் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ, எரிவரிசை 1-3-4-2. சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டக்கு டக்கென்று அடித்து நிற்க வேண்டும். அடிக்காவிட்டால் அதன் பொயின்ற் கருகியிருக்கும். ஸ்பானரின் பிடியால் மெல்லத் தட்டினால் வீடு வந்து சேரலாம். இந்தக் காரில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலில் பூட்டப்பட்டிருக்கும், ரேடியோ போடப் போகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

ஒயில் 20டபிள்யூ-50, பில்ற்றரோடு சேர்த்து ஏறக்குறைய 3.7 லீற்றர், 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கிண்ணத்துக்குள் இருக்கும் பில்ற்றரை மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் மாற்றுங்கள். கார் நின்ற இடத்தில் சில துளி ஒயில் இருந்தால் பதற வேண்டாம். கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் புரி மட்டும்தான். துளி துளியாக என்றால் இயல்பு, குளமாக நின்றால் பழுது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றருக்கு ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணீர் அது. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவம் சிலிண்டரைச் சுற்றியும் படிந்து சூட்டை அடைத்துவைக்கும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ எடுத்து, கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். பழைய தண்ணீரை விடும்போது றேடியேற்றரின் கீழே மட்டுமல்ல, புளொக்கிலும் ஒரு குழாய் உண்டு. அது பெரும்பாலும் சேற்றால் அடைத்திருக்கும், கம்பியால் குத்தித் திறக்க வேண்டும்.

உதிரிப்பாகத்துக்குக் கவலை இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் எஞ்சின் சாமான் கிடைக்கிறது. மைனரின் உடல்தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயிருக்கின்றன. பொயின்ற்றோடு வேலை செய்யும் கண்டென்சர்களில் இப்போது வருபவற்றின் தரம்தான் மோசம், ஒன்று கூடுதலாக வாங்கி டாஷ்போட்டில் வையுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் பெயின்ற்றில் மயங்காமல் முதலில் எஞ்சின் இலக்கத் தகட்டைப் படியுங்கள். 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்றால் 1098. அதன் பின்னால் வரும் எழுத்துகளில் எச் இருந்தால் உயர் அமுக்கம், எல் இருந்தால் குறை அமுக்கம். ஜப்பான் எஞ்சின் ஏற்றிய மைனர்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன, ஆகவே இலக்கம் காரின் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஓடும்போதே ஒயில் மூடியைத் திறவுங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்ரன் வளையம் போய்விட்டது. கடைசியாக நாலு சிலிண்டரிலும் கொம்பிரஷனை, அதாவது அமுக்கத்தை, அளந்து பாருங்கள். நாலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், துருவைக் காட்டிப் பேரம் பேசி வாங்கலாம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால், ஹெட் வேலைக்கான காசை விலையில் கழிக்காமல் கை நீட்டாதீர்கள்.