ஆர்எக்ஸ் 100-க்கு ஹெட்: ரெடிமேடா, லேத் பட்டறையா?

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜினைக் கைக்காசுக்குள் கொஞ்சம் தட்டி எழுப்பலாம் என்று இறங்கினால், சீக்கிரமே ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல்மூடியில், வந்து நிற்போம். கடையில் கிடைக்கிற சி.என்.சி. (கம்ப்யூட்டர் மெஷினில் வெட்டிய) ஹெட்டை வாங்கி மாட்டுவதா, கம்பெனி ஹெட்டையே லேத்தில் கொடுத்து அதன் முகத்தைச் சீவி இறக்குவதா? நான் இரண்டாவதைச் செய்திருக்கிறேன். மூன்று மாதமாகத் தினமும் வேலைக்கு அந்த வண்டியில்தான் போகிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடையில் சிலர் சொல்லும் குறுக்கு வழிகளை ஒதுக்கிவிடலாம். ஆர்எக்ஸ் 135 ஹெட் இதற்கு ஆகாது. அது 58 மி.மீ. போருக்கானது (போர் என்றால் சிலிண்டரின் உள்விட்டம்), நம்முடையது 50. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டை எடுத்துவிட்டு வெறும் பேஸ்ட் தடவி மாட்டுவதும் வேண்டாம். ஒரு நீளமான ஓட்டத்துக்கே கேஸ் கசிய ஆரம்பிக்கும்.

இந்த இன்ஜின் டூ ஸ்ட்ரோக். அதன் ஹெட்டில் வால்வு இல்லை, கேம் இல்லை. ஒரு அலுமினிய மூடி, நடுவில் குழி, குழியைச் சுற்றி பிஸ்டன் தலைக்கு மிக அருகில் வரும் ஒரு வளையம். அந்த வளையம்தான் ஸ்க்விஷ் பேண்ட். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஓரத்துக் கலவையை நசுக்கி நடுக்குழிக்கு விரட்டுவது அதன் வேலை. இடைவெளி அதிகமானால் ஓரத்தில் தங்கிய கலவை தன்பாட்டுக்கு வெடித்து நாக்கிங் வரும், பிஸ்டன் விளிம்பு புள்ளி புள்ளியாக அரிபடும். மிகவும் குறைந்தால் வேகத்தில் பிஸ்டன் ஹெட்டையே முட்டும். 50 மி.மீ. போருக்கு 0.8 முதல் 1 மி.மீ. வரை வைத்தால் நிம்மதி.

ரெடிமேட் ஹெட்டில் நல்லது இல்லாமல் இல்லை. முகம் கண்ணாடி மாதிரி சமமாக இருக்கும். குழி உள்ள நடுப்பகுதியை (டோம்) தனியாகக் கழற்றி மாட்டும் வகை என்றால் குழியின் அளவைப் பத்து நிமிடத்தில் மாற்றலாம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்கு அது பெரிய வசதி. நண்பர் வண்டியில் இருக்கும் அந்த வகையை நான் இரண்டு சாயங்காலம்தான் ஓட்டியிருக்கிறேன். ஆகவே ஒரு வருஷ ஓட்டத்துக்கு அதன் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எப்படி நிற்கும் என்பதில் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னை லேத் பக்கம் தள்ளியது போர். இந்த வண்டியின் தயாரிப்பு 1996-இல் நின்றது. இன்று ஓடும் இன்ஜின்களில் முதல் போரிலேயே இருப்பது அபூர்வம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ஒவ்வொரு ரீபோருக்கும் கால் மி.மீ. கூடி 50.25, 50.50 என்று 51 வரை போயிருக்கும். போதாததற்கு, முன்பு கைவைத்தவர்கள் பேரலின் (சிலிண்டர் கட்டையின்) மேல்முகத்தைத் தேய்த்திருப்பார்கள், அடியில் தடிமனான கேஸ்கெட் போட்டிருப்பார்கள். ரெடிமேட் ஹெட் வரைபடத்து அளவுக்குச் செய்தது. நம் பேரல் அந்த வரைபடத்தை விட்டு எப்போதோ விலகிவிட்டது. நண்பரின் வண்டியில் அளந்தபோது புது ஹெட்டோடு இடைவெளி 1.7 மி.மீ. இருந்தது. குழி சிறியதால் கம்ப்ரஷன் (கலவை அமுக்கப்படும் அளவு) மட்டும் ஏறியிருக்கிறது, ஓரம் தளர்வாகவே இருக்கிறது. இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. மேட்டில் மூன்றாவது கியரில் இழுக்கும்போது நாக்கிங்கின் டிக் டிக் சத்தம் காதில் கேட்டது.

அளப்பது கஷ்டமில்லை. 2 மி.மீ. சாலிடர் கம்பியைப் பிளக் துளை வழியாக விட்டு, பிஸ்டன் பின் இருக்கும் திசையில் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை தள்ள வேண்டும். கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கி பிஸ்டன் உச்சியைத் தாண்டவிட்டு, கம்பியை உருவி நுனியை வெர்னியரில் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் அப்படியே. பிஸ்டன் கொஞ்சம் சாயும் என்பதால் பின் திசையில் அளந்தால்தான் சரியான அளவு வரும். எனக்கு ஒரு பக்கம் 1.48, மறுபக்கம் 1.52.

வண்டியோடு வந்த ஹெட்டில் கைவைக்கவில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில், ஃபின் (சூடு ஆற்றும் தகடு) உடையாத பழைய ஹெட் ஒன்றைத் தேடி எடுத்தேன். லேத் அண்ணன் முதலில் கேட்டது, "எவ்வளவு எடுக்கணும்னு எழுதிட்டு வந்திருக்கீங்களா தம்பி? குத்துமதிப்பா சொன்னா நான் கத்தி வைக்க மாட்டேன்." 0.6 என்று சீட்டை நீட்டினேன். பிளக் மரை அளவுக்கே, 14 மி.மீ.க்கு, ஒரு மேண்ட்ரல் (பிடிக்கும் தண்டு) கடைந்து அதில் ஹெட்டைத் திருகிப் பிடித்தார். அப்போதுதான் முகமும் குழியும் ஒரே மையத்தில் சுற்றும்.

என் போர் 50.50. அதில் 0.6 மி.மீ. இறக்கினால் சுமார் 1.2 சி.சி. குறைகிறது. இவ்வளவு சின்ன குழிக்கு அது அதிகம். எனவே நடுக்குழியை மட்டும் அகட்டி அரை சி.சி. அளவு திருப்பிக் கொடுத்தோம். பேண்டின் சரிவை பிஸ்டன் தலையின் சரிவுக்கும், அதன் வெளி விளிம்பை 50.50-க்கும் ஒட்டி வெட்டினார். கம்ப்ரஷனைக் கண்டபடி ஏற்றினால் கீழே இழுவை கூடினாலும் மேலே வண்டி அடங்கிப்போகும். எரிந்து வெளியேறும் புகையின் சூடு குறைய, சைலன்சர் தன் வேலையைக் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே முடித்துக்கொள்ளும்.

வீட்டில் கண்ணாடிப் பலகைமேல் 400 எமரி தாளை விரித்து, துளி எண்ணெய் விட்டு, ஹெட்டை எட்டுப் போடுவதுபோல் தேய்த்து முகத்தைச் சமப்படுத்தினேன். நாலு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி மறுபடி சாலிடர் விட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 0.9-ஐ ஒட்டி வந்தது. பழைய ஹெட்டின் விலை, லேத் கூலி, கேஸ்கெட் எல்லாம் சேர்ந்து ரெடிமேட் விலையில் பாதிகூட ஆகவில்லை.

முப்பதிலிருந்து அறுபது வரை இழுவை நன்றாகத் தெரிகிறது. உச்ச வேகம் கூடவில்லை. அதை எதிர்பார்ப்பவர் போர்ட்டும் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயு வழிகள்) சைலன்சரும் பார்க்க வேண்டும்.

அடுத்த ரீபோருக்கு இதே ஹெட்டை அதே மேண்ட்ரலில் பிடித்து விளிம்பை 50.75-க்கு விரித்துக்கொள்ளலாம். வண்டியை விற்க நேர்ந்தால், ஒரிஜினல் ஹெட் எண்ணெய்த் துணியில் சுற்றி பீரோவில் இருக்கிறது. இந்த வண்டியை வாங்க வருபவர்கள் குனிந்து பார்ப்பதே அந்த மாதிரி பாகங்களைத்தான். மாதம் தவறாமல் டிராக்குக்குப் போகிறவர் என்றால் டோம் மாற்றும் ஹெட்டையே வாங்கட்டும், ஆனால் தன் போர் அளவைச் சொல்லி டோமை வெட்டி வாங்க வேண்டும்.

போன ஞாயிறு ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டன் நடுவில் காப்பி நிறத்தில் கரி, ஓரத்தில் சுற்றிலும் கழுவிவிட்டதுபோல் சுத்தமான வளையம். விரல் நகத்தால் விளிம்பைத் தடவினேன். எங்கும் நெருடவில்லை.