பிரவுசர்ல அட்வான்ஸ் வார்ஸ்: ஒரு வருஷத்துக்கு மேல ஆடினதுல தெரிஞ்சது

பிரவுசர்ல பழைய கேம் ஆடினா லேக் அடிக்கும், சவுண்ட் கரகரங்கும், ரெண்டு நாள்ல வெறுத்துடும்னு சொல்றவங்க பெரும்பாலும் ஓடிக் குதிக்கிற கேமை ட்ரை பண்ணவங்களாத்தான் இருப்பாங்க. அவங்க சொல்றது தப்பில்ல. ஆனா செஸ் மாதிரி மாத்தி மாத்தி ஆடற டர்ன் பேஸ்டு கேமுக்கு அந்தக் கணக்கு செல்லாது. நான் ஒரு வருஷத்துக்கு மேல அட்வான்ஸ் வார்ஸை பிரவுசர்லதான் ஆடிட்டு இருக்கேன், கர்சர் கொஞ்சம் லேட்டா நகர்ந்தா நம்ம டேங்க் ஒண்ணும் செத்துடாது, நாம எண்ட் டர்ன் குடுக்கற வரைக்கும் எதிராளி சிவனேன்னு உக்காந்திருப்பான்.

தெரியாதவங்களுக்கு: கேம்பாய் அட்வான்ஸுங்கற கைல வெச்சு ஆடற மெஷினுக்கு 2001ல வந்த நிண்டெண்டோ போர் கேம், மேப்ல படையை நகர்த்தி மோதணும், இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் பண்ணது, இதோட தாத்தா 1988ல வந்த ஃபேமிகாம் வார்ஸ். அமெரிக்காவுல ரிலீஸ் ஆன அதே வாரம் 9/11 நடந்துச்சு, அதனால ஜப்பான்ல தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு 2004லதான் ரெண்டாவது பாகத்தோட சேத்து விட்டாங்க. அப்புறம் நிண்டெண்டோவோட ஸ்விட்ச் மெஷினுக்கு ரீமேக் பண்ணி 2022ல விடலாம்னு பாத்தா உக்ரைன் போர், அது 2023 ஏப்ரலுக்குப் போச்சு. போர் கேமுக்கு நிஜப் போரே கண்டமா அமையுது, என்ன பண்றது.

இவ்ளோ நாள் சலிக்காம இருக்கறதுக்குக் காரணம் கணக்கு எல்லாம் சின்னச் சின்ன நம்பர், மனசுலயே போட்டுடலாம். ஒரு சிட்டியைப் பிடிக்க 20 பாயின்ட் குறைக்கணும், இன்ஃபன்ட்ரிக்கு (காலாட்படை) எத்தனை ஹெச்பி (உயிர் பாயின்ட்) இருக்கோ ஒரு டர்ன்ல அத்தனை குறையும். முழு 10 இருந்தா ரெண்டே டர்ன்ல சிட்டி நம்மளது. ஒரே ஒரு அடி வாங்கி 9 ஆயிடுச்சா, 18ல நிக்கும், மூணாவது டர்ன் தேவை, அந்த ஒரு டர்ன்ல எதிராளியோட ரீகான் (வேவு) வண்டி வந்து ஆளையே காலி பண்ணிடும். அதனால கேம் காசுல 1000 விலை உள்ள சிப்பாயைக் கூட பொத்திப் பொத்தித்தான் வெச்சுக்கணும். அதே மாதிரி 16000 குடுத்து ஒரு மீடியம் டேங்க் வாங்கறதா, இல்ல 6000 வீதம் ரெண்டு ஆர்ட்டிலரி (பீரங்கி) வாங்கி மிச்சத்துக்கு 4 இன்ஃபன்ட்ரி இறக்கறதான்னு வரும்போது, மேப்ல பாலம் இருந்தா நான் கண்ணை மூடிட்டு ரெண்டாவதுதான். ஆர்ட்டிலரி 2லேந்து 3 கட்டம் தள்ளித்தான் அடிக்கும், பக்கத்துல ஒட்டி வந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது, அதனால பாலத்து வாய்ல காட்டுக்குள்ள ஒரு டேங்கை நிறுத்தி பின்னாடி இதுங்களை வெச்சுட்டா வர்றவன் வரிசையா வந்து அடி வாங்குவான். கம்ப்யூட்டருக்கு இன்னொரு வீக்னஸ் இருக்கு, காலி ஏபிசி (சிப்பாய்களை ஏத்திட்டுப் போற வண்டி) ஒண்ணை முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினா முக்கியமான யூனிட்டை எல்லாம் விட்டுட்டு அதைத்தான் பல தடவை துரத்தும். கொஞ்சம் அசிங்கமான ட்ரிக், ஆனா கடைசி மிஷன்ல வில்லன் ஸ்டர்ம் மீட்டியர் (விண்கல்) போட்டு 8 ஹெச்பி எடுக்கும்போது நமக்கு நியாயம் பேச நேரம் இல்ல.

சரி, பிரவுசர் சமாச்சாரத்துக்கு வரேன். இங்க கேமை ஓட்டறது எமுலேட்டர், அதாவது பழைய மெஷின் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர், ஒரு சைட்ல திறந்து ஆடறது. முதல்ல ஸ்க்ரீன். ஒரிஜினல் 240க்கு 160 பிக்சல்தான், ஃபுல் ஹெச்டி மானிட்டர்ல சரியா 6 மடங்கு வெச்சா 1440க்கு 960 வரும், ஓரத்துல கருப்பு இருந்தா இருக்கட்டும்னு விட்டுடுங்க. ஃபுல் ஸ்க்ரீன் இழுத்தா சில பிக்சல் குண்டா சில பிக்சல் ஒல்லியா வந்து யூனிட் மூலைல இருக்கற ஹெச்பி நம்பரே கண்ணை உறுத்தும். கலர் கொஞ்சம் பளீர்னு அடிக்கும், ஏன்னா முதல்ல வந்த கேம்பாய் அட்வான்ஸ்ல பேக்லைட்டே கிடையாது, அந்த இருட்டு ஸ்க்ரீனுக்காக போட்ட கலர் அது.

கீபோர்டுல கேம்பாயோட எல் பட்டனை முதல் வேலையா விரலுக்கு எட்டற இடத்துல மேப் பண்ணிக்கோங்க, இன்னும் நகராத யூனிட்டுக்கு கர்சர் தானா தாவும், பெரிய மேப்ல இது இல்லாம ஆடறது நரகம். கேம் பெட்டிக்கு வெளில எங்கயாவது க்ளிக் பண்ணிட்டு ஏரோ கீ அமுக்கினா பேஜ்தான் மேலயும் கீழயும் போகும், இது பழகிடும். டேப் மாத்தினா கேம் அப்படியே உறைஞ்சு நிக்கறது வேற கேம்ல எரிச்சல், இங்க வரம், மீட்டிங் முடிச்சுட்டு வந்து விட்ட இடத்துலேந்து யோசிக்கலாம்.

உண்மையான தலைவலி சேவ்தான். நீங்க சேவ் பண்றது எல்லாம் பிரவுசர் ஸ்டோரேஜ்ல, அந்த சைட் பேர்ல உக்காந்திருக்கு. யாராவது ஹிஸ்டரி க்ளீன் பண்றேன்னு சைட் டேட்டாவையும் சேத்து அழிச்சா போச்சு, சைட் முகவரி மாறினாலும் போச்சு. ஐபோன் சஃபாரில இன்னும் மோசம், பிரவுசர் யூஸ் பண்ற 7 நாள் அந்த சைட்டைத் தொடாம விட்டா அதுவே துடைச்சுடும், டிசைனே அப்படி. அதனால சேவ் ஃபைலை டவுன்லோட் பண்ற ஆப்ஷன் இல்லாத எமுலேட்டர் எவ்ளோ அழகா இருந்தாலும் வேண்டாம். அதுலயும் கேமுக்குள்ள பண்ற சேவை எடுத்து வைங்க, அது வேற எமுலேட்டர்லயும் ஓடும், சேவ் ஸ்டேட், அதாவது எமுலேட்டர் அந்த நொடியை அப்படியே பிடிச்சு வைக்கறது, வேற இடத்துல லோட் ஆகும்னு உத்தரவாதம் கிடையாது. கேம் ஃபைல் நம்ம கார்ட்ரிட்ஜ்லேந்து எடுத்ததுதான், கேமை ரெடியா வெச்சுக் குடுக்கற சைட்டுங்க என்னிக்கு மூடும்னே தெரியாது.

சேவ் ஸ்டேட் பத்தி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அந்த கீயையே மேப்பிங்லேந்து தூக்கிட்டேன். ஃபாக் (எதிரியை மறைக்கற மூடுபனி) இருக்கற மேப்ல காட்டுக்குள்ள யாரு ஒளிஞ்சிருக்கான்னு ஒட்டிப் போனாத்தான் தெரியும், அந்த பயம்தான் கேமே. போய் பாத்துட்டு ரிவைண்ட் பண்றதுக்கு பேசாம மேப்பைத் திறந்து வெச்சே ஆடிடலாம். ஃபாஸ்ட் ஃபார்வர்டு மட்டும் தாராளமா யூஸ் பண்ணுங்க, கம்ப்யூட்டர் டர்ன் ரொம்ப நீளம்.

கேம்பாய்களை வயர்ல இணைச்சு ஆடற லிங்க் கேபிள் மேட்ச் நான் ஆடற எமுலேட்டர்ல வராது. ஆனா ஒரே லேப்டாப்பை மாத்தி மாத்தி குடுத்து 4 பேர் வரைக்கும் ஆடலாம், தம்பி கூட லீவு நாள்ல அப்படித்தான், அவன் எப்பவும் கிரிட்ங்கற கமாண்டரைத்தான் எடுப்பான், ஆர்ட்டிலரி ரேஞ்ச் ஒண்ணு கூடும்னு. வெளி ஆளுங்களோட மோதணும்னா அட்வான்ஸ் வார்ஸ் பை வெப்னு ஃபேன்ஸ் நடத்தற சைட் இருக்கு, எமுலேட்டரே வேண்டாம், நம்ம டர்னை முடிச்சுட்டுப் போனா எதிராளி அவன் நேரத்துக்கு வந்து ஆடுவான். முதல்ல ஆடறவனுக்கு சாதகம்னு ரெண்டாவது ஆளுக்கு ஒரு இன்ஃபன்ட்ரியை முன்கூட்டியே வெச்சுக் குடுக்கற அளவுக்கு அங்க நுணுக்கமா பாப்பாங்க. கம்ப்யூட்டரோட மோதற கேம்பெயினை முடிச்ச தெம்புல நேரா அங்க போகாதீங்க, காலி ஏபிசிக்கு அங்க யாரும் மயங்க மாட்டாங்க.