ஓசிவி, ஏஓசிவி, பிஓசிவி: டைமிங் மார்ஜினை எந்தக் கணக்கில் வைப்பது?

சிப் டிசைனில் டைமிங் மார்ஜின் (சிக்னல் நேரத்தோடு ஒத்துப்போக விடும் பாதுகாப்பு இடைவெளி) பற்றிப் பேச்சு வந்தாலே, "பிளாட் ஓசிவி போட்டால் கொஞ்சம் ஏரியா வீணாகும், ஆனால் பயமில்லை, புது முறைகள் எல்லாம் அந்த மிச்சத்தைப் பிழிந்தெடுக்கத்தான்" என்று சொல்பவர்கள் நிறைய. இதில் பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பினால் ஹோல்டில் (புது டேட்டா சீக்கிரமே வந்து பழையதை அழித்துவிடாமல் பார்க்கும் சோதனை) மாட்டிக்கொள்வோம்.

ஒரே சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கேட்களின் வேகம்கூட ஒன்றாக இருக்காது; இதுதான் ஓசிவி, அதாவது ஆன்-சிப் வேரியேஷன். பிளாட் ஓசிவி இதற்கு எல்லா செல்லுக்கும் (கேட் போன்ற அடிப்படைத் துண்டு) ஒரே சதவீதத்தைப் போடுகிறது: செட்டப் (டேட்டா நேரத்துக்கு வந்து சேருகிறதா என்ற சோதனை) பார்க்கும்போது டேட்டா பாத்தை இவ்வளவு மெதுவாக்கு, கேப்ச்சர் கிளாக்கை (டேட்டாவை வாங்கும் பக்கத்து கிளாக்) இவ்வளவு வேகமாக்கு, அவ்வளவுதான். டேட்டாவை அனுப்பும் கிளாக், வாங்கும் கிளாக் இரண்டுக்கும் பொதுவான பகுதி ஒரே நேரத்தில் வேகமாகவும் மெதுவாகவும் இருக்க முடியாது என்பதால் அந்த வீண் மார்ஜினை சிஆர்பிஆர் என்ற திருத்தம் கழித்துவிடும். அதை ஆன் செய்யாமல் எந்த முறையையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கேட்டுக்கு டிலே 20 பிகோ செகண்ட், சிக்மா (டிலே எவ்வளவு பரவுகிறது என்ற அளவு) 1 பிகோ செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கேட் உள்ள பாத்தின் டிலே 320. ஒன்று மெதுவானால் இன்னொன்று வேகமாக இருக்கலாம், அதனால் தற்செயலான வேறுபாடு வர்க்கமூலத்தில்தான் வளரும்: மொத்த சிக்மா 4, மூன்று சிக்மா 12, ஆக 332. பிளாட்டில் 8 சதவீதம் போட்டால் 345.6. சும்மாவே 13 பிகோ செகண்டுக்கு மேல் போய்விட்டது.

இப்போது ஹோல்ட் பக்கம் வாருங்கள். ஃபிளாப்புக்கும் ஃபிளாப்புக்கும் (டேட்டாவைப் பிடித்து வைக்கும் செல்) நடுவில் ஒரே ஒரு கேட். மூன்று சிக்மாவில் அது 17 பிகோ செகண்ட் வரை வேகமாகலாம், ஆனால் அதே 8 சதவீதம் 18.4 என்கிறது. அதாவது நீளமான பாத்தில் தேவைக்கு மேல் பயப்படும் முறை, குட்டையான பாத்தில் தேவையான அளவுகூடப் பயப்படவில்லை. ஹோல்ட் தகராறு வருவது பெரும்பாலும் குட்டை பாத்களில்தான், அதுவும் சிப் வந்த பிறகு கிளாக்கைக் குறைத்து இதைச் சமாளிக்க முடியாது. இதற்காகத்தான் பலர் ஹோல்ட் அன்சர்டன்ட்டியைத் (கிளாக்குக்குக் கூடுதலாக விடும் மார்ஜின்) தனியாக ஏற்றி வைக்கிறார்கள், அப்புறம் டேட்டாவைத் தாமதப்படுத்த டூல் ஆயிரக்கணக்கில் பஃபரைக் கொட்டுகிறது, லீக்கேஜ் ஏறுகிறது.

ஏஓசிவி (அட்வான்ஸ்ட் ஓசிவி) இதைப் பாதி தீர்க்கிறது. பாத்தில் எத்தனை ஸ்டேஜ், எவ்வளவு தூரத்தில் பரவியிருக்கிறது என்று பார்த்து டேபிளிலிருந்து டீரேட்டை (டிலேயைப் பெருக்கும் எண்) எடுக்கும். யோசனை நல்லதுதான், ஆனால் கிராஃப் முறையில் (பாத் பாத்தாகப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கணக்கிடுவது) ஓட்டும்போது ஒரு செல் 4 ஸ்டேஜ் பாத்திலும் 16 ஸ்டேஜ் பாத்திலும் இருந்தால் 4-க்கான கடுமையான டீரேட்டே இரண்டுக்கும் போகும். அந்த மிகைக் கடுமையை எடுக்க பிபிஏ (ஒவ்வொரு பாத்தையும் தனியாகக் கணக்கிடுவது) ஓட்ட வேண்டும், பெரிய டிசைனில் அதற்கு நேரம் பிடிக்கும். அது போக, ஸ்லூ (சிக்னல் மாறும் வேகம்) கெட்டுப்போய்ப் பெரிய லோடை இழுக்கும் செல்லும், லோடே இல்லாத இன்வர்ட்டரும் டேபிளின் கண்ணுக்கு ஒரே ஸ்டேஜ்தான்.

பிஓசிவியில் (பாராமெட்ரிக் ஓசிவி) ஸ்டேஜ் எண்ணும் வேலையே இல்லை. ஒவ்வொரு செல்லுக்கும் இன்புட் ஸ்லூ, அவுட்புட் லோடுக்கு ஏற்ற சிக்மா எல்விஎஃப் (வேரியேஷன் தகவலைத் தரும் ஃபார்மட்) லைப்ரரியில் இருக்கும், டூல் அவற்றை வர்க்கித்துக் கூட்டிக்கொண்டே போகும். கிராஃப் முறைக்கும் பிபிஏவுக்கும் உள்ள இடைவெளியும் சுருங்குகிறது. விலை வேறு இடத்தில்: கேரக்டரைசேஷன் (ஒவ்வொரு செல்லையும் சிமுலேட் செய்து எண்களை எடுப்பது) கனமான வேலை, லைப்ரரி ஃபைல் வீங்கும். வோல்டேஜ் மிகவும் குறைவான கார்னரில் டிலேயின் பரவல் சமச்சீராக இருக்காது, மெதுவான பக்கம் வால் நீளும். அங்கே வெறும் சிக்மாவை நம்பக் கூடாது, சாய்வையும் சேர்த்துத் தரும் எல்விஎஃப் வேண்டும்.

என் கருத்து: 16 நானோமீட்டரிலும் அதற்குக் கீழும் பிஓசிவி தவிர வேறெதையும் யோசிக்கவே வேண்டாம். 28, 40-ல் ஃபவுண்ட்ரி (சிப் தயாரிக்கும் நிறுவனம்) டேபிள் கொடுத்திருந்தால் ஏஓசிவி போதும், டேப்அவுட்டுக்கு (டிசைனைத் தயாரிப்புக்கு அனுப்புவது) முன் மீறும் பாத்களுக்கு மட்டும் பிபிஏ ஓட்டுங்கள். 180-ல் சின்ன டிசைன் என்றால் பிளாட்டே போதும், ஹோல்டுக்கு மட்டும் தாராளமாக மார்ஜின் விடுங்கள்.

பிஓசிவிக்கு மாறுகிறவர்கள் பழைய எஸ்டிசி ஃபைலை (டைமிங் விதிகள் உள்ள ஃபைல்) அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். அதிலுள்ள அன்சர்டன்ட்டி எண்ணுக்குள் வேரியேஷனுக்கான பங்கும் ஒளிந்திருக்கும், அதைக் கழிக்காவிட்டால் ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை மார்ஜின் கட்டுவீர்கள். ஜிட்டரையும் (கிளாக்கின் ஆட்டம்), சைன்ஆஃபில் (இறுதிச் சரிபார்ப்பு) தனியாகக் கேட்கும் மார்ஜினையும் மட்டும் விட்டுவைத்து, ஹோல்ட் பஃபர் எத்தனை குறைகிறது என்று பாருங்கள்.