ஏஐஎஸ் த்ரெட் ஃபீட்: இலவசம் தான், ஆனா நம்பி சேரலாமா?

அமெரிக்காவுல கம்பெனிங்களும் அரசு ஆபீஸுங்களும் தங்க மேல நடக்குற சைபர் அட்டாக் பத்தின தகவல உடனுக்குடன் பகிர்ந்துக்கறதுக்கு அரசாங்கமே இலவசமா நடத்துற சர்வீஸ் தான் ஏஐஎஸ் (ஆட்டோமேட்டட் இண்டிகேட்டர் ஷேரிங்), இதுல தானா வந்துட்டே இருக்கற அட்டாக் தகவல் வரிசையத்தான் த்ரெட் ஃபீட்னு சொல்றாங்க. 2015 டிசம்பர்ல ஒபாமா கையெழுத்து போட்ட தகவல் பகிர்வு சட்டத்த வச்சு 2016ல ஆரம்பிச்சது.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது பிரைவசிக்கு போட்டிருக்கற வடிகட்டி. ஒரு ஃபிஷிங் மெயில் வந்துச்சுன்னு வைங்க, அத அனுப்புன சர்வரோட ஐபி முகவரி, அதுல இருக்கற லிங்க், அட்டாச்மென்ட்டோட ஹாஷ் (ஃபைல அடையாளம் காட்டுற கைரேகை மாதிரியான கோட்) இதெல்லாம் போகலாம், ஆனா அத வாங்குன ஊழியரோட பேரு, மெயில் ஐடி எதுவும் போகக்கூடாது, அட்டாக்குக்கு நேரடி சம்பந்தம் இல்லாத தனிநபர் விவரம்னு தெரிஞ்சா பகிர்றதுக்கு முன்னாடியே எடுத்துடணும்னு சட்டத்துலயே இருக்கு. உங்க சம்மதம் இல்லாம அனுப்புனது நீங்கதான்னு மத்தவங்களுக்கு காட்டவும் மாட்டாங்க.

ஆனா உள்ள போன தகவல் பாதுகாப்புத் துறை வரைக்கும் போகும், சில குற்ற விசாரணைக்கும் பயன்படுத்தலாம். செனட்டர் ரான் வைடன் அன்னிக்கே இத எதிர்த்தாரு, அவர் பக்கம் நியாயம் இருக்குன்னு தான் எனக்கு படுது, இந்த இடத்துல சட்டம் இன்னும் இறுக்கமா இருந்திருக்கணும்.

ஃபீடோட தரம் தான் பெரிய குறை. வெறும் ஐபி மட்டும் வந்தா என்ன பண்றது, அது பல பேர் பயன்படுத்துற க்ளவுட் சர்வரா இருந்தா ப்ளாக் பண்ணதும் நல்ல ட்ராஃபிக்கும் சேர்ந்து நின்னுடும். இப்படி பின்னணி விவரம் இல்லாம வருதுன்னு ஏஐஎஸ்ஸ நடத்துற உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையோட (டிஹெச்எஸ்) இன்ஸ்பெக்டர் ஜெனரலே, அதாவது அந்தத் துறைய தணிக்கை பண்றவரே, 2020ல சொல்லிட்டாரு. அவங்களோட 2024 ரிப்போர்ட் இன்னும் மோசம், 2020ல 304 அமைப்புங்க சேர்ந்திருந்த இடத்துல 2022ல 135 தான், பகிர்ந்த தகவலும் 93 சதவீதம் விழுந்துடுச்சு.

ஃபீட விட அந்த சட்டம் குடுக்கற பாதுகாப்பு தான் எனக்கு பெருசா தெரியுது. அது அமல்ல இருக்கறப்ப விதிப்படி பகிர்ந்தா கேஸ் போட முடியாது, அட்டாக் பத்தி போட்டி கம்பெனிகிட்ட பேசினாலும் போட்டிய ஒடுக்குற கூட்டுச் சதின்னு மாட்ட மாட்டீங்க. அதப் போய் 2025 செப்டம்பர் 30ல காலாவதியாக விட்டுட்டு நவம்பர்ல 2026 ஜனவரி வரைக்கும்னு நீட்டிச்சாங்க பாருங்க, இப்படி இழுத்தடிச்சா எந்த லீகல் டீம் தைரியமா சரின்னு சொல்லும்?

என் ரேட்டிங் 5க்கு 3. முதல்ல உங்க துறைக்குன்னு இருக்கற ஐசாக்ல (ஒரே துறை கம்பெனிங்க அட்டாக் தகவல பகிர்ந்துக்கற மையம்) சேருங்க, அங்க உங்கள மாதிரி கம்பெனிங்க பின்னணியோட பேசுவாங்க, ஏஐஎஸ்ஸ கூடுதலா வச்சுக்கங்க, எங்க அனுப்புனாலும் ஆளுங்க விவரத்த நீங்களே ஒரு தடவ பாத்து எடுத்துட்டு அனுப்புங்க.